இடக்கைக்கு ஓர் இடம்புரிக் கயிறு: யோயோ முறுக்கைக் கட்டுக்குள் வைத்த செய்முறை

யோயோ கயிறு பார்வைக்கு எளிய பொருள். நீளமான ஒரு புரியை நடுவில் மடித்து, அதன் இரண்டு பாதிகளையும் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொள்ளும்படி விட்டுவிட்டால் கயிறு ஆயிற்று. மடிப்பு விழுந்த முனைதான் அச்சை அணைத்துக்கொள்ளும் கண்ணி. மறுமுனையில் முடிச்சிட்டு, அதிலிருந்து ஓர் உருவாஞ்சுருக்குப் போட்டு நடுவிரலில் மாட்டிக்கொள்கிறோம். கயிற்றை அச்சில் இறுகக் கட்டாமல் இப்படித் தளர்வாகச் சுற்றிவைப்பதால்தான் யோயோ கீழே இறங்கியபின் திரும்பி வராமல் அங்கேயே நின்று சுழல்கிறது. பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெட்ரோ ஃபுளோரஸ் 1928இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ செய்யும் தொழிலைத் தொடங்கியபோது அவருடைய யோயோவுக்கு இருந்த சிறப்பு இந்தக் கண்ணிதான். இன்றைய யோயோக்களில் அச்சின்மேல் பேரிங் வந்துவிட்டது என்றாலும் கயிற்றின் அமைப்பு மாறவில்லை. ஆகவே முறுக்கு கூடினால் கண்ணி இறுகுகிறது, முறுக்கு குறைந்தால் கண்ணி அகல்கிறது என்ற அடிப்படைக் கணக்கும் மாறவில்லை.

இடக்கையால் ஆடுபவர்களுக்கு இதில் வரும் தொல்லை கயிற்றின் திசையிலிருந்து வருகிறது. கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு லென்ஸ் வழியாகப் பாருங்கள். அதன் சாய்கோடுகள் இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலாக ஏறினால் அது வலம்புரி. வலப்பக்கக் கீழிருந்து இடப்பக்க மேலாக ஏறினால் இடம்புரி. நூற்பாலைகளில் முன்னதை இசட் முறுக்கு என்றும் பின்னதை எஸ் முறுக்கு என்றும் சொல்வார்கள். கயிற்றைத் தலைகீழாகத் திருப்பினாலும் இந்தச் சாய்வு மாறாது. ஆகையால் கயிற்றை மாற்றிக் கட்டி இதைச் சரிசெய்ய வழியில்லை. நான் விலைக்கு வாங்கிய யோயோ கயிறுகள் அத்தனையும் வலம்புரியாகவே இருந்தன. யோயோவைத் தொங்கவிட்டு மேலிருந்து பார்க்கும்போது அதை வலஞ்சுழியாகத் திருப்பினால் முறுக்கு ஏறும், இடஞ்சுழியாகத் திருப்பினால் இறங்கும் என்று பயிற்சிக் குறிப்புகள் சொல்வது இந்த வலம்புரிக் கயிற்றை மனத்தில் வைத்துத்தான்.

வலக்கைக்காரர் ஒருவரைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினால், கண்ணாடிக்குள் தெரிபவர் இடக்கையால் ஆடுகிறார். ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் அவருடைய கயிறும் திசை மாறி இடம்புரியாகிவிடுகிறது. நடைமுறையில் நாம் கையை மட்டும் மாற்றிக்கொண்டு, கயிற்றை வலம்புரியாகவே வைத்துக்கொள்கிறோம். எனவே வலக்கையில் முறுக்கை ஏற்றும் ஒவ்வோர் அசைவும் இடக்கையில் முறுக்கை இறக்கும். அங்கே இறக்குவது இங்கே ஏற்றும். உள்பக்க லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யோயோ முன்னால் போய்த் திரும்பி, மணிக்கட்டின் உட்பக்கமாகக் கடந்து, புரண்டு மறுபடி வெளியே போகிறது. புரளும் ஒவ்வொரு முறையும் கயிற்றில் சிறிது முறுக்கு மாறுகிறது. வலக்கையில் தொடர்ந்து உள்லூப் போட்டால் கயிறு தளர்ந்துகொண்டே போகும். இடக்கையில் அதே லூப் கயிற்றை இறுக்கிக்கொண்டே போகும். இரண்டு கைகளாலும் லூப் போடும் 2ஏ ஆட்டக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே ஆட்டத்தில் ஒரு கையில் கயிறு இளகும்போது மறுகையில் திருகிக்கொள்கிறது.

எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பயன்படும் சோதனை மிகவும் சுருக்கமானது. யோயோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கயிறு மாட்டிய கையை அதனருகே கொண்டுவந்து, நடுவில் கயிறு தொட்டில்போல் தொங்கும்படி விடவேண்டும். முறுக்கு சமநிலையில் இருந்தால் இரண்டு கால்களும் தனித்தனியாக அமைதியாகத் தொங்கும். முறுக்கு கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். பலர் இந்த இடத்தோடு நின்றுவிட்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார்கள். சுற்றிக்கொண்ட கால்களின் சாய்வைப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது. வலம்புரிக் கயிற்றின் கால்கள் இடம்புரியாகச் சுற்றிக்கொண்டால் கயிற்றில் முறுக்கு மிகுதி. கயிற்றைப் போலவே வலம்புரியாகச் சுற்றிக்கொண்டால் முறுக்குப் பற்றாக்குறை. சுருங்கச் சொன்னால், கயிற்றின் சாய்வுக்கு எதிர்ச்சாய்வு தெரிந்தால் இறக்க வேண்டும், அதே சாய்வு தெரிந்தால் ஏற்ற வேண்டும். இந்த விதி இடம்புரிக் கயிற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்பதால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முறுக்கைச் சரிசெய்யும் வழக்கமான வழிகளைப் பற்றி ஒரு சொல். விரலிலிருந்து சுருக்கைக் கழற்றி, யோயோவைக் கையில் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக விரல்களால் நீவிவிட்டால் கயிறு தானாகச் சமநிலைக்கு வந்துவிடும். இதற்குக் கை, திசை எதுவும் தேவையில்லை, எல்லாருக்கும் ஒன்றே. ஆட்டத்துக்கு நடுவில் விரலைக் கழற்றாமல் சரிசெய்ய விரும்புபவர்கள் யுஎஃப்ஓ என்ற வீச்சைப் பயன்படுத்துகிறார்கள். யோயோவைப் பக்கவாட்டில் வீசி, அது தட்டுப்போல் படுத்த நிலையில் சுழலும்போது கயிற்றை மேலே தூக்கிப் பிடித்தால், அந்தச் சுழற்சி கயிற்றின் முறுக்கை மாற்றுகிறது. இங்கே இடக்கைக்காரர்கள் குழம்புவதற்குக் காரணம், பயிற்சிக் குறிப்புகள் ‘உடலுக்குக் குறுக்காக வீசு’, ‘உடலுக்கு வெளியே வீசு’ என்று கையை வைத்துப் பேசுவதுதான். கயிற்றுக்குக் கை தெரியாது. மேலிருந்து பார்க்கும்போது யோயோ வலஞ்சுழியாகச் சுழல்கிறதா இடஞ்சுழியாகச் சுழல்கிறதா என்பது மட்டுமே கயிற்றைப் பாதிக்கிறது. ஆகவே வலக்கைக்காரர் எந்தச் சுழற்சியை உண்டாக்குகிறாரோ அதே சுழற்சியை நாமும் உண்டாக்க வேண்டும். அதற்கு அவர் குறுக்காக வீசினால் நாம் வெளிப்பக்கமாக வீச வேண்டியிருக்கும். ஒருமுறை வீசிவிட்டு, மேலே சொன்ன தொட்டில் சோதனையைச் செய்தால் உங்கள் வீச்சு ஏற்றுகிறதா இறக்குகிறதா என்பது உறுதியாகிவிடும்.

இவையெல்லாம் இருக்கும்போது தனியாகக் கயிறு திரிக்க வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். லூப் பயிற்சிதான் காரணம். நீளமான லூப் தொடரில் நடுவே நிறுத்திச் சரிசெய்ய முடியாது. ஆகையால் தொடரின் தொடக்கத்திலேயே கயிற்றை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தொடர் நடக்க நடக்க அது சமநிலையைக் கடந்து மறுபக்கம் போகும். வலக்கைக்காரர் சற்றே இறுக்கமான கயிற்றோடு தொடங்குகிறார். லூப் போடப் போட அது இளகிச் சமநிலைக்கு வருகிறது. வலம்புரிக் கயிற்றோடு இடக்கையால் ஆடும் நான் தளர்ந்த கயிற்றோடு தொடங்க வேண்டியிருந்தது. தளர்ந்த கயிற்றில் இரண்டு புரிகளும் பிரிந்து நிற்கின்றன. கண்ணி அச்சில் அகன்று வழுக்குகிறது. முதல் சில லூப்களிலேயே யோயோ திரும்பாமல் தூங்கிவிடுகிறது. பிரிந்த புரிகள் தனித்தனியாகத் தேய்வதால் கயிற்றின் ஆயுளும் குறைகிறது. இறுக்கத்தில் தொடங்கித் தளர்வை நோக்கிப் போவதும், தளர்வில் தொடங்கி இறுக்கத்தை நோக்கிப் போவதும் சமமான வழிகள் அல்ல என்பதே என் முடிவு. முதலாவது வழி இடக்கைக்கும் வேண்டுமென்றால் கயிற்றின் புரியைத்தான் மாற்ற வேண்டும். கண்ணாடிக்குள் இருக்கும் அந்தக் கயிற்றை வெளியே எடுத்துக்கொள்வதுதான் வேலை.

வேலூரில் யோயோ கயிறு கடையில் கிடைப்பதே அரிது. இடம்புரிக் கயிற்றைக் கேட்டு வாங்க வழியே இல்லை. ஆனால் நூலுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. லாங் பஜாரிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் தையல் நூல் கோன்களாகக் கிடைக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பொருள்களும் காலணிகளும் தைக்கப் பயன்படும் நைலான் நூலும் கிடைக்கிறது. நைலான் நூலின் வலிமை கருதி முதலில் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன். காலணி தைக்கும் நூலில் இழைகள் பிரியாமலிருக்க மேலே ஒரு பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு நூலைக் கம்பிபோல் விறைப்பாக்குகிறது. முறுக்கினால் புரிகள் ஒன்றோடொன்று படியாமல் நிற்கின்றன. விரலில் போட்டால் சுருக்கு அறுக்கிறது. யோயோவுக்கு அது ஆகாது. ஓவர்லாக் இயந்திரத்தின் கீழ்க்கொக்கிகளுக்குப் போடும் பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் நூலில் முறுக்கே இல்லையென்று சொல்லலாம். அதனால் எந்தப் பக்கமும் தயக்கமின்றித் திரிகிறது, விரலுக்கும் மென்மையாக இருக்கிறது. ஆனால் அது ரப்பர்போல் இழுபடுகிறது. லூப்பின் கடைசி நொடியில் அந்த இழுபாடு யோயோவின் தூரத்தை மாற்றிவிடுவதால் அதையும் ஒதுக்கினேன். எஞ்சியது தையற்காரர்கள் அன்றாடம் பயன்படுத்தும், இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய 40/2 ஸ்பன் பாலியெஸ்டர் நூல். ஒரு கோன் வாங்கினால் எத்தனையோ கயிறுகள் திரிக்கலாம் என்பதால் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பருத்தி நூலை நான் விலக்கியதற்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாள்களில் மாடியில் நின்று ஆடினால் விரல் முழுவதும் வியர்வையாகிவிடும். காய்ந்த எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைப் பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்கிறது. பாலியெஸ்டர் எடுத்துக்கொள்வது 0.4 விழுக்காடுதான். ஈரம் ஏறிய பருத்தி இழை பருத்து, முறுக்கை இன்னும் இறுக்குகிறது. முறுக்கையே அளந்து கட்டுப்படுத்த முயலும் ஒருவருக்கு, வியர்வையோடு சேர்ந்து மாறும் கயிறு வேண்டாத வேலை. மரத்தாலான நிலை அச்சு யோயோவை ஆடுபவர்களுக்குப் பருத்தியே ஏற்றது. அங்கே கயிறு அச்சின்மேல் நேரடியாக உராய்வதால் பாலியெஸ்டர் சூட்டில் உருகிவிடும், பருத்தி உருகாது. என்னுடையது பேரிங் யோயோ என்பதால் எனக்கு அந்த அச்சம் இல்லை.

இனித் திரிக்கும் முறை. எங்கள் வீடு சத்துவாச்சாரியில். தாழ்வாரத்தின் சன்னல் கம்பியில் ஓர் இரும்புக் கொக்கியை நிலையாகக் கட்டினேன். அதிலிருந்து 2.8 மீட்டர் தள்ளிக் கையால் சுற்றும் துளைக்கருவியின் வாயில் இன்னொரு கொக்கியை மாட்டி, அந்தக் கருவியை ஒரு ஸ்டூலில் நகரும்படி வைத்தேன். கருவியை அசையாமல் திருகிவிடக் கூடாது. முறுக்கு ஏற ஏறப் புரி சுருங்குகிறது. கருவி முன்னால் நகர இடம் இல்லையென்றால் நூல் அறுந்துவிடும். ஸ்டூலின் பின்பக்கம் ஒரு செங்கல்லை வைத்து, சீரான இழுப்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நூலின் நுனியை நிலைக்கொக்கியில் கட்டி, இரண்டு கொக்கிகளுக்கும் இடையில் ஐந்து சுற்றுப் போட்டால் பத்து இழை ஆகிறது. எல்லா இழையும் ஒரே இழுப்பில் இருப்பது முக்கியம். ஓர் இழை தொய்ந்திருந்தாலும் முறுக்கிய பிறகு அது சுருள்சுருளாக வெளியே பிதுங்கி நிற்கும். அந்தப் பிதுக்கம் பேரிங்கின் பக்கத்தில் சிக்கும். பத்து இழைப் புரியை மடிக்கும்போது கயிற்றில் இருபது இழையாகி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் வருகிறது. கடைக் கயிற்றின் கனமும் கிட்டத்தட்ட அதுதான். எட்டு இழையில் செய்தால் சற்று மெலிந்து வேகமாக இருக்கும். விரல் அறுபடாதவர்கள் அதை விரும்பலாம்.

திசையை இங்கே கவனமாகச் சொல்ல வேண்டும். கருவியைப் பிடித்திருப்பவர் நூலை நோக்கிப் பார்க்கும்போது கொக்கி வலஞ்சுழியாகச் சுழன்றால் புரி இடம்புரியாகும். அதை மடித்தால் கயிறு எதிர்த்திசையில், அதாவது வலம்புரியாக அமையும். அது கடைக் கயிறு. நமக்குக் கயிறு இடம்புரியாக வேண்டும் என்பதால் கொக்கி இடஞ்சுழியாகச் சுழல வேண்டும். கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். மின்சாரத் துளைக்கருவி வைத்திருப்பவர்கள் திசை மாற்றும் பொத்தானை அழுத்திக்கொண்டு மெதுவான வேகத்தில் ஓட்டலாம். நான் கைக்கருவியையே விரும்புகிறேன். முறுக்கு ஏறும்போது கைப்பிடியில் தெரியும் கனத்தை விரல் உணர்கிறது. எந்தக் கணத்தில் புரி போதும் என்கிறதோ அந்தக் கணத்தில் நிறுத்த முடிகிறது.

எவ்வளவு முறுக்குவது என்பதைச் சுற்றுகளின் எண்ணிக்கையாகச் சொல்வதைவிடச் சுருக்கத்தின் அளவாகச் சொல்வது பயனுள்ளது. ஏனென்றால் கருவிக்குக் கருவி பற்சக்கர விகிதம் மாறும். 2.8 மீட்டர் இருந்த புரி 2.55 மீட்டருக்கு வந்ததும், அதாவது பதினொன்றில் ஒரு பங்கு சுருங்கியதும், வலம்புரிக் கயிற்றுக்கு நிறுத்திவிடலாம். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஸ்டூல் காலின் தொடக்க இடத்தையும் நிறுத்தும் இடத்தையும் கோடு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு கயிறும் ஒரே மாதிரி வரும். இடம்புரிக் கயிற்றுக்கு இந்தக் கோடு வேறு இடத்தில் போட வேண்டியிருந்தது. இந்தச் செய்முறையில் கற்க வேண்டியவற்றுள் முக்கியமானது அதுதான்.

தையல் நூல் என்பது ஏற்கெனவே முறுக்கப்பட்ட ஒன்று. தையல் இயந்திரத்துக்கான நூல் இறுதியில் வலம்புரியாக முறுக்கப்படுகிறது. 40/2 என்பதிலுள்ள இரண்டு இழைகளும் அந்தத் திசையில்தான் ஒன்றையொன்று தழுவியிருக்கின்றன. கடைக் கயிற்றைப் போன்ற வலம்புரிக் கயிற்றுக்குப் புரியை இடம்புரியாக முறுக்குகிறோம். அப்போது நூலின் சொந்த முறுக்கு சிறிது அவிழ்ந்து, இழைகள் மென்மையாகி, ஒன்றோடொன்று நன்கு படிகின்றன. நூல் வலம், புரி இடம், கயிறு வலம் என்று மாறிமாறி வருவதுதான் கயிறு திரிப்பின் இயல்பான ஒழுங்கு. இடம்புரிக் கயிற்றுக்கோ புரியை வலம்புரியாக முறுக்க வேண்டும். நூலில் ஏற்கெனவே உள்ள முறுக்கின்மேல் அதே திசையில் இன்னும் முறுக்கு ஏறுகிறது. அதே கோடு வரை சுருக்கினால் புரி கம்பிச்சுருள்போல் துள்ளுகிறது. இழுப்பைச் சற்றுத் தளர்த்தியதும் ஆங்காங்கே குட்டிக்குட்டியாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. கயிறாக்கினால் விறைப்பாக, விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கிறது.

கோன் வாங்கும் கடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டியவர். அவரிடம் இரண்டு கயிறுகளையும் காட்டி, ஒரே நூல், ஒரே சுருக்கம், ஆனால் ஒன்று மட்டும் முரடாக இருக்கிறதே ஐயா என்று கேட்டேன். அவர் கயிற்றின் நுனியைப் பிரித்து, இழையை நகத்தால் உருட்டிப் பார்த்துவிட்டு, “ஏற்கெனவே ஏறின முறுக்கு மேலயே அதே பக்கம் ஏத்திக்கினு போறியே தம்பி, அது எப்படிப் படியும்? கொஞ்சமா ஏத்து. ஏத்தினத ஆவியில காட்டி அடக்கு” என்றார். அவர் சொன்ன இரண்டும்தான் தீர்வாக அமைந்தன. 

முதலாவது, குறைவாக ஏற்றுவது. 2.8 மீட்டர்ப் புரி 2.65 மீட்டருக்கு வந்ததும் நிறுத்தினேன். இந்த அளவில் கயிற்றின் சாய்கோடுகள் கடைக் கயிற்றைவிடச் சற்று நிமிர்ந்து நிற்கும். ஆனால் தொட்டுப் பார்த்தால் மென்மையில் அதிக வேறுபாடு தெரியாது. சுருக்கம் குறைவதால் முடிந்த கயிறு சற்று நீளமாக வரும். தரையிலிருந்து தொப்புள் உயரம், அல்லது அதற்குச் சற்று மேல் என்பது பொதுவான நீள அளவு. லூப் ஆட்டத்துக்கு அதைவிடக் குட்டையாக வைத்துக்கொள்வது வழக்கம். எனவே கூடுதல் நீளத்தை முடிச்சுக்கு மேல் வெட்டிவிடலாம்.

மடிக்கும் கட்டத்தில் அவசரம் கூடாது. புரியின் நடுவில் ஒரு சிறு கொக்கியோடு எடைக்கல்லைத் தொங்கவிட்டு, இரு முனைகளையும் இழுப்புக் குறையாமல் ஒன்றாகக் கொண்டுவந்து, உயரமான இடத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். தனியாகச் செய்வது கடினம். வீட்டில் ஒருவர் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் எளிது. கட்டியபின் எடைக்கல்லை மெதுவாக விட்டால் அது தானாகச் சுழலத் தொடங்கும். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டே போகும். அது வேகம் பிடித்துச் சமநிலையைத் தாண்டிப் போகும், பின் திரும்பும், மறுபடி போகும், மெல்ல அடங்கி நிற்கும். நின்ற இடமே அந்தப் புரியின் முறுக்கும் கயிற்றின் முறுக்கும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடம். கையால் தடுத்து முன்னதாகவே நிறுத்தக் கூடாது. எடையை 50 அல்லது 60 கிராம் என்று வைத்துக்கொள்வதற்குக் காரணம், இன்றைய உலோக யோயோக்கள் பெரும்பாலும் 65 கிராமை ஒட்டியே இருக்கின்றன. யோயோ தொங்கும்போது கயிற்றில் இருக்கப்போகும் இழுப்பிலேயே சமநிலையைக் கண்டுபிடிப்பது நல்லது. கனமான எடையில் அடங்கிய கயிறு, யோயோவில் மாட்டியதும் கொஞ்சம் துள்ளுகிறது. எடை நின்றதும் மேல்முனையில் முடிச்சிட்டு வெட்டினால் கயிறு தயார். கொக்கி இருந்த மடிப்பே அச்சுக் கண்ணி.

இரண்டாவது, ஆவி. பாலியெஸ்டர் ஏறத்தாழ எழுபது எண்பது டிகிரிக்கு மேல் இளகி, அந்த நிலையில் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதையே ஆறியபின் தக்கவைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆலைகளிலும் முறுக்கேறிய நூலை அடக்குவதற்கு ஆவியைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் இட்லிப் பானை போதும். எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் கயிற்றை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, மேலேறாமல், இழுத்துச் சுற்றி, இரு நுனிகளையும் நகராதபடி கட்டி, தட்டின்மேல் வைத்து மூடிவிட வேண்டும். இட்லி வேகும் நேரத்தைப்போல் சற்றுக் கூடுதலாக, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆவியில் இருக்கட்டும். வெளியே எடுத்ததும் அவிழ்க்காமல், டம்ளர் முழுதாக ஆறி, ஈரம் உலரும்வரை விட்டுவிட வேண்டும். சூட்டோடு அவிழ்த்தால் அடக்கிய முறுக்கு மறுபடி கிளம்பும். அவிழ்க்கும்போது டம்ளரை உருட்டியே அவிழ்க்க வேண்டும். டம்ளரின் வாய்ப்பக்கமாகச் சுற்றுகளை உருவி எடுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு கயிற்றில் கூடியோ குறைந்தோ போகும்; இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த சமநிலை அந்த ஒரு கணத்தில் கெடும். ஆவி காட்டிய இடம்புரிக் கயிறும் ஆவி காட்டாத இடம்புரிக் கயிறும் தொட்டில் சோதனையில் வேறுவேறு பொருள்கள்போல் நடந்துகொள்கின்றன. முன்னது தொங்கவிட்டதும் அப்படியே நிற்கிறது. பின்னது சமநிலையில் இருந்தாலும் சிறு தொடுதலுக்கே நடுங்கிச் சுருள்கிறது.

ஆட்டத்தில் கிடைத்த மாற்றம் எதிர்பார்த்தபடியே இருந்தது. புதிய பாலியெஸ்டர் கயிறு முதலில் சிறிது நீண்டுகொடுக்கும் என்பதால் யோயோவைக் கீழே நின்று சுழலவிடும் சில ஸ்லீப்பர் வீச்சுகளுக்குப் பிறகே உருவாஞ்சுருக்கின் நீளத்தை இறுதி செய்தேன். அதன்பின் யோயோவைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சில சுற்று ஏற்றி, கயிற்றைச் சற்றே இறுக்கமாக்கிக்கொண்டு உள்லூப் தொடரைத் தொடங்கினால், முதல் லூப்பிலேயே யோயோ உறுதியாகத் திரும்புகிறது. தொடர் நீள நீளக் கயிறு இளகிச் சமநிலையைக் கடக்கிறது. யோயோ திரும்பத் தயங்கத் தொடங்குவதே நிறுத்துவதற்கான அறிகுறி. வலம்புரிக் கயிற்றில் ஆடியபோது முடிவு வேறு விதமாக வந்தது: கயிறு இறுகி, யோயோ சாய்ந்து, ஏதோ ஒரு லூப்பில் கயிறு தன்னையே சுற்றிக்கொண்டு முடிச்சு விழும். தயங்கித் தூங்கும் யோயோவைக் கையால் எடுத்துக்கொள்ளலாம். முடிச்சு விழுந்த யோயோ முகத்தை நோக்கி வரும். இளைஞர்களுக்குக் கற்றுத்தருபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவேனும் இடக்கைப் பிள்ளைகளின் கயிற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இடம்புரிக் கயிறு முறுக்கு மாற்றத்தை ஒழிப்பதில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாற்றத்தின் திசையைத்தான் அது திருப்புகிறது. உங்களுடைய ஆட்டம் லூப் அல்லாமல் கயிற்றுத் தந்திரங்களாக இருந்தால், முதலில் கடைக் கயிற்றில் வழக்கம்போல் ஆடிவிட்டுத் தொட்டில் சோதனையைச் செய்து பாருங்கள். ஆட்டத்தின் முடிவில் உங்களுக்குத் தொந்தரவு தரும் பக்கமாகக் கயிறு போகிறது என்றால் மட்டும் புரி மாற்றுவதில் பயன் உண்டு. காற்றில் கயிற்றை வளையமாக விட்டுப் பிடிக்கும் தந்திரங்களுக்கு முழுச் சமநிலையே தேவை. அங்கே புரியின் திசையைவிட, ஆவி காட்டி அடக்கிய கயிறு என்பதே கூடுதல் நன்மை தருகிறது. அந்த வகையில் வலக்கைக்காரர்களும் தங்கள் வலம்புரிக் கயிற்றை இட்லிப் பானையில் வைத்துப் பார்க்கலாம்.

இந்தக் கயிற்றால் முழுப் பயன் பெறுபவர்கள் இரு கையாலும் லூப் போடுபவர்களே. வலக்கையில் வலம்புரியும் இடக்கையில் இடம்புரியும் மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே விதமாக இளகுகின்றன. இரண்டு யோயோக்களும் ஒரே நேரத்தில் தயங்கத் தொடங்குகின்றன. ஒரே இடைவெளியில் இரண்டையும் சரிசெய்துகொள்ளலாம். இரண்டும் ஒரே கனத்தில் இருக்க, வலம்புரியையும் அதே கோனிலிருந்து நானே திரித்துக்கொள்கிறேன். விறைப்பும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அதையும் ஆவியில் காட்டுகிறேன். இரண்டையும் ஒரே நிறத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. வலம்புரிக்கு வெள்ளை, இடம்புரிக்கு மஞ்சள் என்று நூலையே வேறு நிறத்தில் வாங்கிவிட்டேன். பையில் கலந்துவிட்டால் மாலை வெளிச்சத்தில் சாய்கோட்டைப் பார்த்துப் பிரிப்பது கண்ணுக்குச் சிரமம்.

கயிறு மாற்றும்போதும் நிறம் உதவுகிறது. பழைய கயிற்றைக் கழற்ற, யோயோவுக்குச் சற்று மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரிகள் பிரிந்து கண்ணி அகலும்வரை யோயோவை மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும் என்பது கடைக் கயிற்றுக்கான குறிப்பு. மஞ்சள் கயிற்றுக்கு அதைச் செய்தால் கண்ணி பேரிங்கின்மேல் இறுகிக்கொள்ளும். அதை வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும்; கண்ணி திறந்ததும் விரலை உள்ளே விட்டு அகட்டி, யோயோவின் ஒரு பாதியைத் தாண்டி வெளியே எடுத்துவிடலாம். புதியதை மாட்டும்போதும் அதே பக்கம் பிரித்து, கண்ணியை அச்சில் இறக்கி, கையை விட்டால் போதும்.